உங்க பூட்டை நம்பலாமா பாஸ்?

பிராக்டிகல் எக்ஸாமுக்கு இன்னும் 20 நிமிஷம். ரெக்கார்டு நோட்டு ரூமுக்குள்ளே. சாவி எங்கேன்னு தெரியலை. இந்த நிலைமை ஹாஸ்டல்ல இருக்கிற யாருக்கும் புதுசில்லை. நானும் பூட்டை முறைச்சுக்கிட்டு நின்னப்ப, எதிர் ரூம் ஜூனியர் ஒருத்தன் வந்தான். "சும்மா என் சாவியைப் போட்டுப் பாருங்கண்ணா"ன்னான். போட்டேன். திருப்பினேன். 'டக்'!

அப்பாடான்னு உள்ளே ஓடினேன். எக்ஸாம் முடிஞ்சு வெளியே வந்த பிறகுதான் வயித்தைக் கலக்கிச்சு. ரெண்டு வருஷமா லேப்டாப்பையும் பணத்தையும் இந்தப் பூட்டை நம்பித்தானே வெச்சிருக்கேன்? போன செமஸ்டர்ல என் அலமாரியில இருந்த 1,500 ரூபாய் காணாமப் போச்சு. பூட்டு உடையலை. இன்னொரு சாவி என் ரூம்மேட்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. நான் வாய்விட்டு எதுவும் கேட்கலை. ஆனா பார்த்த பார்வை போதாதா? அடுத்த மாசமே அவன் வேற ரூமுக்குப் போயிட்டான்.

சரி, இந்தப் பூட்டுக்குள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துடுவோம்னு வொர்க்‌ஷாப் வைஸ்ல மாட்டி, ஹாக்ஸா பிளேடால குறுக்கே அறுத்தேன். நீங்களும் கொஞ்சம் எட்டிப் பாருங்க.

இது 'பின் டம்ளர்' வகைப் பூட்டு. உடனே காபி டம்ளரை நினைக்காதீங்க! பூட்டுக்குள்ளே ஏறி இறங்குற துண்டுக்கு அப்படி ஒரு பேர், அவ்வளவுதான். சாவி நுழையுற இடத்துல ஒரு சின்ன உருளை இருக்கு. அது சுத்தினாத்தான் மேலே இருக்கிற வளைவுக் கம்பியைப் பிடிச்சிருக்கிற தாழ் விலகும், கம்பி மேலே துள்ளும். அந்த உருளையைச் சுத்த விடாம தடுக்கிறதுதான் பின்களோட வேலை.

பூட்டோட உடம்புலயும் உருளையிலயும் நேருக்கு நேரா வரிசையா சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளேயும் ஒரு ஸ்பிரிங், அதை ஒட்டி ஒரு பின், அதுக்கும் அடுத்து இன்னொரு பின். சாவி தொடுற பின் ஒவ்வொரு துளையிலயும் ஒவ்வொரு நீளம். இங்கேதான் சூட்சுமமே இருக்கு. சாவி இல்லாதப்ப, ஸ்பிரிங் பக்கத்துப் பின் பாதி உடம்புலயும் பாதி உருளையிலயும் குறுக்கே நிக்கும். வாசல்ல கால் வெச்சுக்கிட்டு நிக்கிற வாட்ச்மேன் மாதிரி! உருளை அசையாது.

சரியான சாவியை நுழைச்சா என்ன ஆகும்? சாவியில இருக்கிற மேடு பள்ளம் ஒவ்வொரு பின் ஜோடியையும் அதுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் தள்ளும். ரெண்டு பின்னும் சந்திக்கிற இடம், உருளையும் உடம்பும் சந்திக்கிற கோட்டுக்கு அச்சு அசலா வந்து நிக்கும். அந்தக் கோட்டுக்குப் பேர் 'ஷியர் லைன்'. எல்லா ஜோடியும் அந்தக் கோட்டுல பிரிஞ்சு நின்னா உருளை சுத்தும். ஒரே ஒரு பின் கொஞ்சம் அதிகமாப் போனாலும் சரி, கொஞ்சம் குறைஞ்சாலும் சரி... கதை முடிஞ்சது!

இந்த ஐடியா நேத்து வந்ததில்லை. பழங்கால எகிப்துல மரத்துலயே இப்படிப் பூட்டு செஞ்சிருக்காங்க. அதுல ஸ்பிரிங் கிடையாது. மர ஆப்புகள் தன் எடையாலேயே கீழே விழுந்து தாழைப் பிடிச்சுக்கும். சாவி பெரிய டூத்பிரஷ் மாதிரி இருக்கும். அமெரிக்காவுல லைனஸ் யேல் ஜூனியர் 1860-கள்ல இதைச் சின்ன உருளைக்குள்ள அடக்கி, தட்டையான சாவியோட பேட்டன்ட் வாங்கினார். ஸ்பிரிங் இருக்கிறதாலதான் இன்னிக்கு நம்ம பூட்டு தலைகீழாத் தொங்கினாலும் வேலை செய்யுது.

நம்ம ஊர் திண்டுக்கல் பூட்டு வேற ஜாதி. அதுல பின்னுக்குப் பதிலா லீவர் தகடுகள். ஒவ்வொரு தகட்டுலயும் ஒரு வெட்டு இருக்கும். சாவி எல்லாத் தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினா, வெட்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டுல வந்து தாழுக்கு வழிவிடும். கையாலேயே செய்யிற இந்தப் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு பூட்டுல 5 பின், ஒவ்வொண்ணுக்கும் 6 வகை நீளம்னு வெச்சுக்குங்க. 6 × 6 × 6 × 6 × 6 = 7,776 விதமான சாவி. அறுத்துப் பார்த்தா என் பூட்டுல இருந்தது மூணே பின்! தலைக்கு 4 நீளம்னு வெச்சாக்கூட 4 × 4 × 4 = 64 சாவிதான். எங்க ஹாஸ்டல்ல 200 ரூமுக்கு மேலே. பாதிப் பேர் கேட்டுக்கு எதிர்ல இருக்கிற அதே கடையிலதான் பூட்டு வாங்குறோம். ஒருத்தன் சாவி இன்னொருத்தன் பூட்டைத் திறக்காம இருந்தாத்தான் அதிசயம்! போதாக்குறைக்கு, மலிவான பூட்டுல துளை கொஞ்சம் லூஸா இருக்கும். பின் முனையும் சாவியும் தேயும். கிட்டத்தட்ட சரியான சாவியே போதும், திறந்துடும்.

'பூட்டு உடையலை, அப்போ சாவி வெச்சிருக்கிறவன்தான் எடுத்திருக்கணும்'னு நான் போட்ட கணக்கு இருக்கே, அது மூணு பின்னுலயே தப்பாப் போச்சு. பணத்தை யார் எடுத்தாங்கன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அவன்தான்னு சொல்ல என்கிட்ட எந்த ஆதாரமும் இல்லை. அறுத்த பூட்டைக் கொண்டுபோய் அவன் டேபிள்ல வெச்சு, "சாரிடா மச்சான்"னேன். அவன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை அறுக்க உனக்கு ஆறு மாசமாடா ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பூட்டு வாங்கப் போறீங்களா?

* சாவியில மேடு பள்ளத்தை எண்ணுங்க. ரெண்டு மூணுதான் இருந்தா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. லீவர் பூட்டுன்னா எத்தனை லீவர்னு மேலேயே போட்டிருக்கும். அதிகம் இருந்தா நல்லது.

* ரூம்மேட்ஸ் எல்லாரும் ஒரே கடையில ஒரே மாடல் வாங்காதீங்க. வாங்கினா, சாவியை மாத்தி மாத்திப் போட்டு டெஸ்ட் பண்ணிடுங்க.

* பூட்டு இறுகினா தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க. தூசி ஒட்டி பின் சிக்கிக்கும். கிராஃபைட் பவுடர் போடுங்க. அவசரத்துக்கு, பென்சில் முனையைச் சாவியில நல்லாத் தேய்ச்சு நாலு தடவை நுழைச்சு எடுங்க.

* டூப்ளிகேட் சாவி போடணும்னா தேய்ஞ்ச சாவியைக் கொடுக்காதீங்க, ஒரிஜினலைக் கொடுங்க. தேய்மானமும் சேர்ந்தே காப்பி ஆகும்!