படுவான்கரையில் ஒரு விண்மீனைப் பிடித்து வைப்பது எப்படி?

எழுவான்கரை, படுவான்கரை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் வானத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியன் எழும் பக்கம் ஒன்று, படும் பக்கம் மற்றது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமம் பக்கம் போய், நிலவில்லாத இரவொன்றில் தெருவிளக்கு எட்டாத வயல் வரம்பில் நின்று பார்த்தால், கொழும்பில் இருப்பவர்கள் ஒருநாளும் காணாத வானம் தலைக்கு மேல் கிடக்கும்.

எங்கள் தலைமுறைக்கு அந்த வானம் இரசிப்பதற்கானதாக இருக்கவில்லை. பரா வெளிச்சம் எழுந்தால் நிலத்தில் படுப்பதற்கும், ஹெலிச் சத்தம் எந்தத் திசையில் என்று கணிப்பதற்கும், கிபிர் வருகிறதா என்று பார்ப்பதற்கும்தான் அண்ணாந்து பார்த்தோம். வன்னியில் இருந்தவர்களுக்கு இரவு முழுவதும் சுற்றிய ஆளில்லா விமானம், ‘வண்டு’, இன்னும் காதுக்குள் இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் அதே வானத்தைக் கைப்பேசியில் படமெடுக்க முயல்கிறார்கள். சிலருக்கு வெளிநாட்டு உறவுகள் தொலைகாட்டி அனுப்புகிறார்கள். சந்திரனின் குழிகளையும் சனியின் வளையத்தையும் பார்த்த பிறகு அடுத்த ஆசை வருகிறது: ஒளிமுகில்களை, விண்மீன் கொத்துகளைப் படமெடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 செக்கன். இதனால் வானம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 15 விகலை வீதம் மேற்கே நகர்கிறது. விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. 750 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள தொலைகாட்டியில், 4.3 மைக்ரோமீற்றர் படப்புள்ளிகள் கொண்ட கமராவைப் பொருத்தினால் ஒரு படப்புள்ளி வானத்தில் 1.2 விகலையைப் பிடிக்கும். (படப்புள்ளியின் அளவை 206 ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் போதும்.) அதாவது தொலைகாட்டி அசையாமல் நின்றால், ஒரே செக்கனில் விண்மீன் பன்னிரண்டு, பதின்மூன்று படப்புள்ளிகளைத் தாண்டிக் கோடாகிவிடும். மங்கலான ஒளிமுகிலைப் பிடிக்கவோ ஐந்து நிமிடம் கமராவைத் திறந்து வைக்க வேண்டும்.

வானத்தோடு சேர்ந்து சுழலும் மோட்டர் பூட்டிய மவுண்ட் இதற்காகத்தான் இருக்கிறது. அதன் ஓர் அச்சு வான முனையைப் பார்த்திருக்கும். மோட்டர் ஒரு திருகுப் பல்லைச் சுழற்ற, அது பெரிய பற்சில்லைத் தள்ளும். ஈ.கியூ.5 வகை மவுண்டில் அந்தச் சில்லுக்கு 144 பற்கள். திருகு ஒருமுறை சுற்றப் பத்து நிமிடம். அந்தத் திருகு எவ்வளவு நன்றாகக் கடையப்பட்டிருந்தாலும் முழு வட்டமாக இருக்காது. மலிவான மவுண்டுகளில் விண்மீன் ஒவ்வொரு பத்து நிமிடச் சுற்றிலும் பல பத்து விகலைகள் முன்னும் பின்னும் ஆடும். ஒரு நிமிடப் படத்திலேயே விண்மீன் அரிசிமணிபோல நீண்டுவிடும்.

பழுகாமத்துக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. துருவ விண்மீன் அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது ஓர் இடத்தின் அகலக்கோட்டைப் பொறுத்தது. இங்கே அது ஏழரைப் பாகை. (சனி பார்க்கப் போனவருக்கு ஏழரை வேறு வழியில் பிடிக்கிறது!) நீட்டிய கையில் நான்கு விரல்களைக் கிடையாகப் பிடித்தால் வரும் உயரம். அந்த உயரத்தில் தென்னையும் பனையும் வாவியின் ஈரப்புகாரும்தான் இருக்கின்றன. துருவ விண்மீனைக் கண்டால் அதிர்ஷ்டம். ஐரோப்பாவுக்கென்று செய்த மவுண்டுகள் சில இவ்வளவு தாழ்வாகச் சாயவும் மாட்டா. எதிர்நிறைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். அப்போது முக்காலியின் ஒரு காலைக் கட்டையாக்கி மவுண்டைச் சரித்து நிறுத்த வேண்டியதுதான்.

இவ்வளவு பிழைகளையும் ஒருவர் கண்ணாலும் கையாலும் திருத்தலாம். நூறாண்டுக்கும் மேலாக உலகின் பெரிய அவதான நிலையங்களில் அப்படித்தான் செய்தார்கள். பக்கத்தில் பூட்டிய சிறிய தொலைகாட்டியில் குறுக்கு நூலின் நடுவே ஒரு விண்மீனை வைத்து, அது விலக விலகப் பொத்தானை அழுத்தி மீட்டபடி மணிக்கணக்கில் இருந்தார்கள். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் சாந்தா பார்பரா இன்ஸ்ட்ருமென்ட் குறூப் நிறுவனம் எஸ்.ரி.-4 என்ற சிறு கமராவைக் கொண்டுவந்து அந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைத்தது. அந்தக் கமரா எப்போதோ பழசாகிவிட்டது. ஆனால் அதன் இணைப்பு முறை மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் பெரும்பாலான மவுண்டுகளில் ‘எஸ்.ரி.-4’ என்ற துளை இருக்கிறது.

அந்த முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. ஒரு பொது வயர், நான்கு திசைகளுக்கு நான்கு வயர்கள். ஒரு திசை வயரைப் பொது வயரோடு தொடுத்தால் மவுண்ட் அந்தப் பக்கம் மெல்ல நகரும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான். நான்கு அழைப்புமணிப் பொத்தான்களை ஒரு கணினி அழுத்த வேண்டும் என்பதே நாம் செய்யப்போகும் பெட்டியின் முழு வேலை.

தேவையானவை: ஓர் ஆர்டுயினோ நானோ பலகை, பி.சி.817 ஒப்டோகப்ளர் நான்கு, 330 ஓம் தடையிகள் நான்கு, துளையிட்ட பலகைத் துண்டு ஒன்று, ஆறு முனை ஆர்.ஜே.-12 செருகி ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாவற்றையும் சில ஆயிரம் ரூபாவுக்குள் முடித்துவிடலாம். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்ட பிறகு, வெளிநாட்டில் விற்கும் ஆயத்தப் பெட்டியை வாங்குவது பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஒப்டோகப்ளர் என்பது நான்கு கால்களுள்ள சிறிய கறுப்புத் துண்டு. உள்ளே ஒரு பக்கம் ஒளிகாலும் இருவாயி, மறுபக்கம் ஒளி பட்டால் கடத்தும் திரான்சிஸ்டர். இடையே மின்தொடர்பு இல்லை. வெளிச்சம் மட்டுமே கடக்கிறது. ஆர்டுயினோவின் 5 வோல்ட் வெளியீட்டு முனையொன்றிலிருந்து 330 ஓம் தடையி வழியாக முதலாம் காலுக்கு, இரண்டாம் கால் ஆர்டுயினோவின் தரைக்கு. இருவாயியில் 1.2 வோல்ட் போக மீதி 3.8 வோல்ட்; 330 ஆல் வகுத்தால் 11.5 மில்லி அம்பியர், அளவான மின்னோட்டம். மறுபக்கத்தில் நான்காம் கால் (சேகரிப்பான்) மவுண்டின் திசை வயருக்கு, மூன்றாம் கால் (காலி) பொது வயருக்கு. இவற்றை மாற்றிப் பூட்டினால் எதுவும் எரியாது, ஆனால் மவுண்டும் அசையாது. பலர் ஓரிரவைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

வயரை நேரடியாகப் பூட்டினால் என்ன என்று கேட்கலாம். மவுண்ட் பன்னிரண்டு வோல்ட் பற்றரியில் ஓடும். மடிக்கணினி வீட்டு மின்சாரத்திலோ ஜெனறேற்றரிலோ ஓடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். நட்சத்திரம் பார்ப்பவருக்கு மின்வெட்டு ஒரு கொடை; ஆனால் மின்சாரம் திரும்பி வரும்போது எந்த உதறலோடு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த உதறல் மவுண்டின் மின்சுற்றுக்குப் போகாமல் மறிப்பது அந்தக் கறுப்புத் துண்டுதான்.

ஆர்.ஜே.-12 வயரில் கவனம் தேவை. வழக்கமான ஒழுங்கில் முதலாம் முனை வெறுமை, இரண்டாவது பொது, மூன்றாவதும் ஆறாவதும் கிழக்கு–மேற்கு அச்சின் இரு திசைகள், நான்காவதும் ஐந்தாவதும் வடக்கும் தெற்கும். வீட்டில் கிடக்கும் பழைய தொலைபேசி வயரை வெட்டிப் பூட்டத் தோன்றும். அதில் பெரும்பாலும் நடு நான்கு வயர்கள்தான் இருக்கும். ஆறாவது முனை இல்லாததால் ஒரு திசை வேலை செய்யாது. தொலைபேசி வயர்களில் ஒரு முனைக்கு மறுமுனை தலைகீழாகவும் இருப்பதுண்டு. மல்டிமீற்றரை வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்த பின்னரே மவுண்டில் செருக வேண்டும். உங்கள் மவுண்டில் எஸ்.ரி.-4 துளையே இல்லாவிட்டால் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நான்கு பொத்தான்களுக்கும் சமாந்தரமாக வயர் பற்ற வைக்கலாம். அங்கே பொத்தான்களுக்குப் பொதுத் தரை இல்லையென்றால் ஒப்டோகப்ளருக்குப் பதிலாகச் சிறு ரிலேக்கள் வேண்டும். மாறாக, மவுண்டைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் வசதி ஏற்கெனவே இருந்தால் இந்தப் பெட்டியே தேவையில்லை; அந்த வழி இன்னும் திருத்தமானது.

கணினியில் பி.எச்.டி.2 என்ற இலவச மென்பொருள் ஓடும். அது ஆர்டுயினோவோடு நேரே பேசாது. விண்டோஸில் அஸ்கொம், லினக்ஸில் இண்டி என்ற இணைப்பு மென்பொருள் ஒன்று இடையில் வேண்டும். இரண்டிலும் ‘ஆர்டுயினோ எஸ்.ரி.4’ என்ற பெயரில் ஆயத்தமான இயக்கி இலவசமாகக் கிடைக்கிறது. ஆர்டுயினோவில் ஏற்றும் நிரலில் நான் ஒன்றை வற்புறுத்துவேன்: ஐந்து செக்கனுக்குக் கட்டளை எதுவும் வராவிட்டால் நான்கு முனைகளையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கணினியிலிருந்து வரும் கட்டளை இடையில் நின்றுபோனால், கடைசியாக அழுத்திய பொத்தான் அழுத்தியபடியே இருக்கும். தொலைகாட்டி தன்பாட்டில் நகர்ந்துகொண்டே போகும்.

வழிகாட்டும் கண்ணாக 50 மில்லிமீற்றர் தேடுகாட்டியில் ஒரு பழைய வெப்கமரா போதும். 180 மில்லிமீற்றர் குவியத் தூரம், 5.6 மைக்ரோமீற்றர் படப்புள்ளி என்றால் ஒரு படப்புள்ளிக்கு 6.4 விகலை. 1.2 விகலைப் படத்துக்கு இது எப்படிக் காணும் என்று தோன்றலாம். விண்மீனின் ஒளி பல படப்புள்ளிகளில் பரவி விழுவதால், அதன் நடுவை மென்பொருள் ஒரு படப்புள்ளியின் சிறு பின்னம்வரை கணிக்கிறது. 3 விகலை விலகல் கண்டால், மவுண்ட் வான வேகத்தின் பாதியில், அதாவது செக்கனுக்கு 7.5 விகலையில் நகரும் எனில், 0.4 செக்கனுக்குப் பொத்தானை அழுத்தச் சொல்லும். பழைய வெப்கமராக்கள் நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்காதவை என்பதால் பிரகாசமான விண்மீன்கள் மட்டுமே அகப்படும். இரண்டு மூன்று செக்கன் திறந்திருக்கும் கமரா கிடைத்தால் நல்லது. காற்றின் துடிப்பையெல்லாம் பிழையென்று எண்ணி மவுண்டைத் துரத்தாமல் இருக்கும்.

துருவ விண்மீன் தெரியாத குறைக்கும் இதே ஏற்பாடு மருந்து. உச்சிக்கோட்டுக்கு அருகே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீனைப் பிடித்து, வடக்கு–தெற்குத் திருத்தத்தை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். அது வடக்கிலோ தெற்கிலோ ஒழுகினால் மவுண்டின் திசை பிழை. இடம் வலமாகத் திருப்புங்கள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள விண்மீன் ஒன்றில் அதையே செய்தால் சாய்வுப் பிழை தெரியும். அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. முனை சரியாக இல்லாமல் வழிநடத்தலை மட்டும் நம்பினால், நடு விண்மீன் நிற்கும். மற்றவை அதைச் சுற்றி வில்லாக வளையும்.

கைவேலையில் பிறந்த வானியல் எங்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் காவலூர் அவதான நிலையம் 1968இல் வேலை தொடங்கியது, கொடைக்கானல் நிலையத்திலேயே செய்துகொண்ட 38 சென்ரிமீற்றர் தொலைகாட்டியோடுதான். 2.34 மீற்றர் பெருந்தொலைகாட்டி அங்கு வந்தது 1986இல். இலங்கையில் கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் கருவி 1996இல் ஜப்பான் கொடுத்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்டபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஒப்டோகப்ளரைப் பற்றவைப்பது அவர்களுக்குப் பெரிய வித்தையாகத் தெரியாது.

ஆனால் அதே நினைவு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பற்றரி, வயர், கையால் செய்த மின்சுற்று, இருட்டில் தனியே வயலில் ஓர் இளைஞர்: இவை சேர்ந்தால் இந்த நாட்டில் என்ன கேள்வி எழும் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எதற்கெல்லாம் பிடித்தார்கள் என்பதையும் அறிவோம். எனவே பெட்டியை உள்ளே தெரியும் பிளாஸ்ரிக்கில் செய்யுங்கள். மேலே மூன்று மொழிகளிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பாடசாலை அல்லது சங்கம் ஊடாகச் செய்தால் ஒரு கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். கிராம உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பச்சை லேசரை வானில் அடிக்க வேண்டாம். இப்படியெல்லாம் எழுத வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான்.

போரதீவுப்பற்றில் இரவு வெளியே நிற்பதற்கு இன்னொரு தடை யானை. வழிநடத்தும் பெட்டியின் பெரும் பயன் இங்கேதான்: மவுண்டைப் பூட்டி, விண்மீனைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, நீண்ட யூ.எஸ்.பி. வயரோடு வீட்டுத் திண்ணையில் இருந்துகொள்ளலாம். ஐந்து மீற்றருக்கு மேல் என்றால் இடையில் வலுவூட்டும் கருவி வேண்டும்.

முதல் இரவில் படமெடுக்காமல் மென்பொருளின் வரைபடத்தை மட்டும் பாருங்கள். கோடு இரண்டு விகலைக்குள் அடங்கினால் 750 மில்லிமீற்றருக்கு நல்ல தொடக்கம். மே மாத முன்னிரவில் தெற்கே தென்சிலுவையும், அதற்குச் சற்று மேலே, அடிவானிலிருந்து 35 பாகை உயரத்தில் ஒமேகா சென்ரோறி என்ற கோளக் கொத்தும் நிற்கும். அதற்கு மேற்கே, சற்றுத் தாழ்வாக, கரீனா ஒளிமுகில். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகள் எவ்வளவு விலைகொடுத்துக் கருவி வாங்கினாலும் இவை அங்கே அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. ஒக்ரோபரில் மழை இருட்டத் தொடங்கினால் பெட்டியை சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். வாவிக்கரை ஈரத்தில் ஆர்.ஜே.-12 முனைகள் பச்சையாகப் பூக்க ஒரு மாரி போதும்.