நெருக்கி நட்டால் என்ன ஆகும்?



நெல்லுக்கு நண்டு ஓடவும், வாழைக்கு வண்டி ஓடவும், தென்னைக்குத் தேர் ஓடவும் இடம் விடணும்னு பெரியவங்க சொல்வாங்க. பயிருக்குப் பயிர் எவ்வளவு இடைவெளி என்ற கணக்குதான் அது. ஜப்பானில் இதே கணக்கை ஊசியிலை மரத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஊசியிலை மரம் எது?

பைன், தேவதாரு, சைப்ரஸ் போன்றவை. இலை ஊசி போலவோ செதில் போலவோ இருக்கும். பழம் கிடையாது, கூம்பில் விதை இருக்கும். கொடைக்கானல் பைன் காட்டைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சவுக்கும் பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அது பூக்கும் தாவரம்! ஜப்பானில் அதிகம் நடும் ஊசியிலை மரத்தின் பெயர் சுகி.

ஒரு சின்னக் கணக்கு

1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர்.
1 மீட்டர் இடைவெளி: 10,000 கன்று
2 மீட்டர் இடைவெளி: 2,500 கன்று
3 மீட்டர் இடைவெளி: சுமார் 1,100 கன்று
இடைவெளி இரண்டு மடங்கானால் கன்று பாதி ஆகாது, கால்வாசி ஆகிவிடும்!

வட்டக் காடு

1973-இல் ஜப்பானின் மியாசாகி மாகாணத்தில், நிச்சினான் என்ற ஊர்ப் பக்கம் சுகிக் கன்றுகளை வட்டமாக நட்டார்கள். ஒரே மையம், 10 வட்டங்கள். 10 பாகைக்கு ஒன்று வீதம் வட்டத்துக்கு 36 கன்று. உள்வட்டத்தில் நெருக்கம், வெளியே போகப் போக இடைவெளி. மண்ணும் மழையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், இடைவெளி மட்டும்தான் வேறு. வளர்ந்த பிறகு மேலேயிருந்து பார்த்தால் அந்தக் காடு சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கிறது. நடுவில் பள்ளம், ஓரம் உயரம்.

ஏன் அப்படி?

முதல் சில வருஷம் பெரிய வித்தியாசம் தெரியாது. கன்று சின்னது, வேண்டிய வெயிலும் தண்ணீரும் கிடைத்துவிடும். கிளையும் கிளையும் தொடும்போதுதான் போட்டி ஆரம்பம்.

1. கீழ்க்கிளைக்கு வெயில் படாது, காய்ந்துபோகும். தழை குறைந்தால் மரம் தயாரிக்கும் உணவும் குறையும்.
2. வெயிலைத் தேடி மரம் மேலே போகும், அடிமரம் பருக்காது. ஓரளவு நெருக்கத்தில் சுற்றளவுதான் குறையும். ரொம்ப நெருக்கினால் உயரமும் அடிபடும்.
3. ஒல்லியாக ஓங்கிய மரம் காற்றிலும் பனியிலும் சாயும்.
4. பின்தங்கிய கன்று செத்துப்போகும்.

அப்போ நெருக்கம் தப்பா?

தப்பில்லை. ஜப்பானில் யோஷினோ என்ற இடத்தில் வேண்டுமென்றே நெருக்கி நடுவது பழைய வழக்கம். மெதுவாகப் பருப்பதால் ஆண்டு வளையங்கள் அடுத்தடுத்து இருக்கும், கணு குறையும். அந்தப் பலகையில் மது வைக்கும் பீப்பாய் செய்தார்கள். ஆனால் அங்கே நட்டுவிட்டு சும்மா இருப்பதில்லை. பல தடவை நடுநடுவே மரம் வெட்டி இடம் விடுவார்கள். நிச்சினானைச் சேர்ந்த ஓபியில் இதுக்கு நேர் எதிர். விலக்கி நட்டு, சீக்கிரம் பருக்க வைத்து, மரக்கப்பல் கட்டப் பயன்படுத்தினார்கள். நம்ம பக்கம் சவுக்கை நெருக்கி நடுவதும் நேரான கம்புக்காகத்தான். சில வருஷத்திலேயே வெட்டிவிடுவார்கள்.

ஆக, எதற்காக நடுகிறோமோ அதை வைத்துத்தான் இடைவெளி.

நாம் என்ன செய்யலாம்?

வெயிலுக்காக மரங்கள் போட்டி போடுவது ஊசியிலை மரத்தில் மட்டும் இல்லை, வேம்பிலும் புங்கனிலும் உண்டு. நம் பள்ளியின் மேற்குச் சுவர் ஓரம் அவை முழத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. நமக்கு வேண்டியது கம்பு இல்லை, உட்கார்ந்து சாப்பிட நிழல். இப்போது முழங்கால் உயரம்தான், இன்னும் கிளை தொடவில்லை. அடுத்த வருஷம் பிடுங்கினால் ஆணிவேர் அறுந்துவிடும். அதனால் இந்த மழைக்காலத்திலேயே ஒன்றை விட்டு மூன்றை மண்ணோடு தோண்டி, குளத்தங்கரையில் தள்ளித் தள்ளி நடலாம். தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்தால் மண்வெட்டி கொண்டுவர எங்கள் வகுப்பு தயார்.

எத்தனை கன்று நட்டோம் என்பதை அன்றைக்கே எண்ணிவிடலாம். எத்தனை மரமாச்சு என்பதையும் எண்ண வேண்டாமா?

– மாணவி, ஒன்பதாம் வகுப்பு