பாட்டியின் தாலாட்டு குறுந்தட்டில் ஏற...

வீட்டிலேயே பாட்டுப் பதிந்து குறுந்தட்டு தயாரிக்க ஆசையா? முதலில் மைக்கைக் கவனியுங்கள். கடைக்காரர் பளபளப்பான கண்டன்சர் மைக்கைத்தான் எடுத்து நீட்டுவார். நுட்பமானதுதான்; ஆனால் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், பக்கத்து வீட்டுச் சேவலையும் சேர்த்தே பதியும்! நம் தகரக் கூரை வீடுகளுக்கு டைனமிக் மைக்கே ஏற்றது. வாயிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். மழை பிடித்துக்கொண்டால் எந்த மைக்கும் உதவாது.

மைக்கைக் கணினியோடு இணைக்க யுஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வேண்டும். இசைத்தட்டின் அளவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். இக்காலக் கணினிகள் பலவற்றில் சிடி டிரைவ் கிடையாது. தனியாக வாங்க வேண்டும். தட்டில் 80 நிமிடம் அடங்கும். 'டேட்டா' என்றில்லாமல் 'ஆடியோ' தட்டாக எழுதினால்தான் பழைய சிடி பெட்டியிலும் பாடும்.

பாட்டிக்கு மூச்சு வாங்குகிறதா? காசு சேரும்வரை காத்திராதீர்கள். இன்றிரவே கைப்பேசியில் பதிந்துவிடுங்கள்.