இணையப் பெயருக்கு ஏறிவரும் வாடகை

பெங்களூரில் ஏரிக்கரையை ஒட்டிய பழைய பேட்டை ஒன்றைத் தமிழர் அல்சூர் என்பர். கன்னடத்தில் அது ஹலசூரு. ஆங்கில ஏடுகளில் உல்சூர். 2011ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் கன்னடப் பெயரையே கொண்டுள்ளது. மூன்றில் எதை எழுதினாலும் கடிதம் சேர்ந்துவிடும், தபால்காரர் அறிவார். கம்ப்யூட்டர்களுக்கு அவ்வறிவு கிடையாது. டொமைன் எனப்படும் இணையப் பெயரில் ஓர் எழுத்து மாறினும் அது வேறு பெயராகும். அதற்கு வேறு கட்டணமும் உண்டு.

அல்சூர்க் கடைவீதியில் சிறிய அச்சகம் நடத்தும் ஒருவர் தம் தொழிலுக்கு ‘காம்’ என முடியும் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொண்டார் என்று கொள்வோம். முதல் வருஷக் கட்டணம் சலுகையினால் மிகக் குறைவு. மறு வருஷம் முழுக் கட்டணமும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரியும் கேட்கப்படுகின்றன. பெயரை விலைக்கு வாங்கியதாக அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது குடிக்கூலியே.

கூலி ஏறுவதன் காரணம் பெயர்முறையின் அமைப்பிலேயே உள்ளது. பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1983ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, ஒவ்வோர் இறுதிப்பெயருக்கும் ஒரே மூலப் பதிவேடுதான் இருத்தல் வேண்டும். இரண்டு இருப்பின் ஒரே பெயர் இருவருக்குப் போய்விடும். ‘காம்’ பதிவேட்டைக் காப்பது அமெரிக்காவின் வெரிசைன் கம்பெனி. பெயர்களைச் சில்லறையில் விற்கும் முகவர்கள் பலர்; அவர்களுக்குள் போட்டியும் பலமானது. ஆனால் எல்லோரும் கொள்முதல் செய்யும் இடம் ஒன்றே. அங்கு போட்டியில்லை.

2012ஆம் ஆண்டில் அந்தக் கொள்முதல் விலை வருஷத்திற்கு 7.85 டாலராக இருந்தது. அமெரிக்க அரசாங்கம் அதற்குமேல் உயராதபடி தடுத்து வைத்திருந்தது. 2018இல் அத்தடை தளர்ந்தது. 2021 முதல் 2024 வரை வருஷந்தோறும் ஏறக்குறைய 7 வீதம் உயர்ந்து, விலை 10.26 டாலராயிற்று. 2024 அக்டோபரில் தொடங்கிய புதிய ஆறாண்டுக் காலத்தில் முதல் ஈராண்டுகளுக்கு உயர்வில்லை. எஞ்சிய நான்கிலும் அதே வீதத்திற்கு இடமுண்டு.

டாலர்க் கணக்கில் இவ்வுயர்வு மூன்றிலொரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. ரூபாய்க் கணக்கோ வேறு. 2012 ஜனவரியில் சுமார் 400 ரூபாயாயிருந்த அதே பெயர், 2024 செப்டம்பரில் சுமார் 860 ரூபாயாயிற்று. ரூபாயின் மாற்று மதிப்பு மாறாதிருந்தால் உயர்வு 120 ரூபாய் அளவிலேயே நின்றிருக்கும். அச்சகத்தார் பதிவு முகவரைக் குறை கூறுவது இயல்பே. எனினும் சுமையின் பெரும்பகுதி நாணய மாற்றிலிருந்து வந்தது.

பெயருக்கு அடுத்தது இடம். பக்கங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் யந்திரத்தில் இடம் பெறுவதே ஹோஸ்டிங். ஒரே யந்திரத்தில் நூற்றுக்கணக்கானோரைக் குடியமர்த்துவதனால்தான் அது மலிவாக இருந்து வந்தது. இவ்வாறு பங்கிடுவதற்குப் பெரிதும் பயன்படும் ‘சி-பேனல்’ மென்பொருளின் கட்டணம் யந்திரத்திற்கு இவ்வளவு என்றிருந்தது. 2019இல் அது கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாக மாற்றப்பட்டது. மலிவின் அடிப்படையையே அது தாக்கியது எனலாம்.

மேலும், யந்திரங்களை அடையாளங்காட்டும் பழைய முறை ஐ.பி. எண்கள் சுமார் 429 கோடியே உள்ளன. உலகப் பொதுச் சேமிப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. தட்டுப்பாட்டுப் பொருளுக்கு விலை பிறத்தல் இயற்கை. அமேசான் நிறுவனத்தின் சர்வர் சேவை 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது எண்ணுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. வருஷத்திற்கு ஏறத்தாழ 44 டாலர், அதாவது பெயரின் கொள்முதல் விலையைப்போல் நான்கு மடங்கு. ஒரே எண்ணைப் பலர் பகிரும் ஹோஸ்டிங்கில் இச்செலவு சிதறிவிடுவதால் சிறு தொழிலாளருக்கு அதுவே தக்கது.

‘இன்’ என முடியும் பெயர்கள் 2005ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடப்பட்டன. அப்பதிவேடு நிக்ஸி என்னும் இந்திய நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ஆகவே அதன் கட்டணம் இங்கேயே முடிவு செய்யப்படுகிறது. தமிழ் எழுத்திலேயே ‘இந்தியா’ என முடியும் பெயர்களும் உண்டு. ஆயினும், பழைய பெயரை விட்டுப் புதியதற்கு மாறுவது எளிதன்று. பில் புத்தகம், பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் முகவரி ஆகிய எல்லாவற்றிலும் பழையதே நிற்கிறது.

தவணை தவறினால் நேரும் நஷ்டமே பெரிது. முதலில் பக்கம் மறையும். அப்பெயரில் வரும் மின்னஞ்சலும் நின்றுவிடும். முகவர் தரும் கருணைக்காலம் அதிகபட்சம் 45 நாட்கள். அதன்பின் 30 நாட்கள், கடும் மீட்புக் கட்டணத்துடன் பெயரைத் திரும்பப் பெறலாம். மேலும் 5 நாட்கள் கழிந்தால் பெயர் பொதுவுக்கு வந்து, எவர் கைக்கும் போகலாம். ‘காம்’ பெயரை ஒரே தவணையில் 10 ஆண்டுகள் வரை அன்றைய விலைக்கே பதிவு செய்ய இயலும். முகவரை மாற்றிக்கொள்ளும் உரிமையும் பதிந்து 60 நாட்களுக்குப்பின் உண்டு. ஆனால் இவையெல்லாம் பதிவேட்டில் எவர் பெயர் உளதோ அவருக்கே செல்லும்; தளத்தை அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பாராயின், அச்சகத்தார் முதலில் அதை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.