வீட்டுப் பட்டறை – 12: முனையில் விழும் பள்ளம்

சென்ற வாரம் பலகையின் ஒரு முகத்தை ஜாயின்டரில் மட்டமாக்கினோம். இந்த வாரம் மறுமுகம். மேஜைமேல் வைக்கும் சிறிய திக்னஸ் பிளேனரில் பலகையை விட்டால், மறுபக்கம் ஒரே கனத்தில் வழவழப்பாக வெளியே வரும். ஆனால் முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். இதை ‘ஸ்னைப்’ என்பார்கள்.

ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்காக அலட்சியம் கூடாது. வார்னிஷ் பூசியதும் மேஜைப் பலகையின் முனையில் வெளிச்சம் வளைந்து, குற்றம் பளிச்சென்று தெரியும். இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் ஒட்டினால், முனைகளில் இடைவெளி வாய் பிளக்கும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிளேனருக்குள் இரண்டு உருளைகள் உண்டு. ஒன்று பலகையை உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே தள்ளுகிறது. நடுவில் பிளேடுகள் சுழல்கின்றன. இரண்டு உருளைகளும் அழுத்திக்கொண்டிருக்கும்போது பலகை மேலும் கீழும் ஆடாது. நுழையும்போது முதல் உருளை மட்டுமே பிடித்திருக்கிறது. பின்பாதி வெளியே தொங்குவதால் முன்முனை எழும்பிப் பிளேடில் கடிபடுகிறது. வெளியேறும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது. உருளைக்கும் பிளேடுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் பள்ளத்தின் நீளம். கை இழைப்புளி பிடிக்கும் ஆசாரி, தொடங்கும்போது முன்பக்கத்தையும் முடிக்கும்போது பின்பக்கத்தையும் அழுத்துவது இதே காரணத்தால்தான். இயந்திரத்துக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. அதை நாம்தான் தர வேண்டும்.

முதலில் தாங்கு பலகைகளைச் சரிசெய்யுங்கள். இயந்திரத்தின் முன்னும் பின்னும் மடித்து விரிக்கும் தட்டுகளின் வெளிமுனை, நடுத்தளத்தைவிட இம்மியளவு உயர்ந்திருக்க வேண்டும். நேரான நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றை இரண்டு தட்டுகளின் மேலும் குறுக்கே வையுங்கள். நடுத்தளத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். பெரும்பாலான பள்ளம் இதிலேயே குறைந்துவிடும்.

அடுத்தது கைத்தாங்கல். பலகை உள்ளே போகும்போது, இரண்டாவது உருளை பிடிக்கும்வரை அதன் பின்முனையைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள். பிறகு மறுபக்கம் வந்து, வால்பகுதி முதல் உருளையை விட்டு விலகுமுன் முன்முனையைத் தூக்கிப் பிடியுங்கள். இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். பலகைக்கும் தட்டுக்கும் இடையில் விரல் சிக்காமல் பக்கவாட்டில் பிடிப்பது முக்கியம். நீளப் பலகைக்கு இரண்டு பேர் தேவை.

சிறிய பிளேனர்களில் பிளேடும் உருளைகளும் அடங்கிய தலைப்பகுதி தூண்களில் ஏறி இறங்குகிறது. அதில் ஆட்டம் இருந்தாலும் பள்ளம் விழும். பூட்டு இருந்தால் ஒவ்வொரு முறையும் ஆழத்தை அமைத்தபின் இறுக்குங்கள். மகிட்டா 2012என்பி, டிவால்ட் டிடபிள்யூ735 ஆகியவற்றில் இந்தப் பூட்டு தானாகவே இயங்குகிறது.

கடைசிச் சுற்றில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவுங்கள். மழுங்கிய பிளேடு பலகையை வெட்டாமல் உந்தும். அதைத் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். தளத்தில் பிசின் படிந்திருந்தால் துடைத்து, சிலிக்கோன் கலக்காத மெழுகைத் தேயுங்கள். சிலிக்கோன் மரத்தில் ஒட்டினால் வார்னிஷ் பிடிக்காது.

இவ்வளவு செய்தும் பள்ளம் விழுகிறதா? அப்படியானால் அது நம் பலகையில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கனமுள்ள பலகைகளை இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். முதலிலும் கடைசியிலும் அதே கனத்தில் கழிவுத் துண்டு ஒவ்வொன்று. உருளைகள் எப்போதும் எதையாவது பிடித்தே இருக்கும். பள்ளம் கழிவுத் துண்டில் விழும். ஒற்றைப் பலகையென்றால், அதைவிட இருமுனையிலும் நான்கு அங்குலம் நீண்ட இரண்டு ரீப்பர்களைப் பலகையின் கனத்துக்குச் சமமாக எடுத்து, விளிம்புகளில் பசையால் ஒட்டுங்கள். ஆணி அடிக்கவே கூடாது. பிளேடு உடைந்து தெறிக்கும்.

எந்த முனையில் கோளாறு என்று அறிய, பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்குக் கோடுகள் கிழித்து மிக மெல்லிதாக ஒருமுறை விடுங்கள். கோடுகள் முனையில் மட்டும் அழிந்திருந்தால் அங்கேதான் பள்ளம். நுழையும் முனை என்றால் முன்தட்டையும், வெளியேறும் முனை என்றால் பின்தட்டையும் முதலில் சரிபாருங்கள்.

எல்லா வழிகளும் தெரிந்தவர்கள்கூட மரம் வாங்கும்போது அளவைவிட அரை அடி கூடுதலாகவே வாங்குகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பலகையை இழைத்து முடிக்கும்வரை இறுதி நீளத்துக்கு அறுக்காதீர்கள்.

(தொடரும்)