இணையவழிச் சான்றிதழ் எதற்குச் சான்று?

1921ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், இலண்டன் மாநகரைக் கண்ணாற் காணாமலே இலண்டன் பல்கலைக்கழகப் பட்டதாரிகளாயினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இவ்வழக்கம் நிலவிற்று. எங்கிருந்து பயின்றாய் என இலண்டன் வினவவில்லை. பரீட்சைத்தாளில் யாது எழுதினாய் என்பதையே நோக்கிற்று. 1858ஆம் ஆண்டு தொடக்கம் அப்பல்கலைக்கழகம் கைக்கொண்ட இம்முறையை, இற்றைநாள் இணையவழிப் பாடநெறிகளின் மூத்த தமையன் எனலாம். ஆனால் தமையனிடத்துப் பரீட்சை மண்டபமும் மேற்பார்வையாளரும் இருந்தனர். தம்பியிடத்து அவை பெரும்பாலும் இல்லை.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இசுடான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செபாத்தியன் துரூனும் பீற்றர் நோர்விக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடநெறியொன்றை எவரும் இலவசமாகப் பயிலுமாறு இணையத்தில் நடத்தினர். ஏறத்தாழ 160,000 பேர் பதிவு செய்தனர். இறுதிவரை நின்றவர் ஏறத்தாழ 23,000 பேரே. அவர்களுக்குக் கிடைத்த பத்திரம் ஆசிரியர் இருவரின் கூற்றேயன்றி, பல்கலைக்கழகத்தின் சான்றிதழன்று. அடுத்த ஆண்டிலே கோர்சேரா, எடெக்ஸ் என்னும் நிறுவனங்கள் தோன்றின. காலப்போக்கில், பாடங் கேட்பது பல இடங்களில் இலவசமாகவும், சான்றிதழ் பெறுவது கட்டணத்துக்குரியதாகவும் ஆயிற்று.

ஆசிரியர், தாதியர், கணக்காளர் எனப் பல தொழிலினரும் வாண்மை விருத்திக்காக இப்பாடநெறிகளை நாடுகின்றனர். சான்றிதழ்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய ஓப்பன்லேர்ண் தளம், பாடத்தை முடித்தவருக்குப் பங்குபற்றியமைக்கான கூற்றை விலையின்றி அளிக்கின்றது. அது பட்டத்துக்குரிய மதிப்பீட்டுப் புள்ளியன்று என்பதையும் ஒளியாது கூறிவிடுகின்றது. பாராட்டத்தக்க நேர்மை! வேறு சில பாடநெறிகளில் வினாக்களுக்குக் குறித்த அளவு புள்ளி பெறவேண்டும், ஒப்படை எழுதவேண்டும். பல்லாயிரவர் பயிலுமிடத்தில் ஒப்படைகளை ஆசிரியரொருவர் திருத்தல் இயலாதாகையால், உடன்பயில்வோரே வகுத்த அளவுகோலின்படி ஒருவர்க்கொருவர் புள்ளியிடுவதுமுண்டு.

இங்கேதான் ஐயம் எழுகின்றது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாவை எத்தனை முறையும் முயலலாமென விட்டுவிட்டால், பாடத்தைத் திறந்தும் பாராதவனுக்கும் நான்காம் முறையிலேனும் விடை கிட்டிவிடும். ஒளிப்பதிவை ஓடவிட்டு அடுக்களையில் கறி தாளிப்பவருக்கும், குறிப்பெடுத்துக் கேட்டவருக்கும் ஒரேவகைப் பத்திரம் வரலாம். இதனால் நட்டமடைபவர் யார்? இரவெல்லாம் கண்விழித்துப் பயின்றவரே. நேர்முகத் தேர்விலே சான்றிதழ்களை எண்ணிப் பார்க்கும் குழு அவருக்கு நீதி செய்வதில்லை. ஒப்படையை எடுத்துவரச் சொல்லி, அதிலிருந்து இரண்டு வினாக் கேட்குங் குழு செய்கின்றது.

சில நிறுவனங்கள் ஆளடையாளத்தையும் சரிபார்க்கின்றன: கணினியின் படப்பிடிப்புக் கருவியால் முகத்தைப் படமெடுத்து, அரசாங்க அடையாள அட்டையோடு ஒப்பிடுகின்றன. இவ்விடத்தில் நம்மவர் இடறுவதுண்டு. பதிவுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கேட்கும். தமிழர் பலருக்கோ தந்தை பெயரே முன்னே நிற்கும். அதுவும் முதலெழுத்தாய்ச் சுருங்கியிருக்கும். படிவத்தின் வரிசையை நம்பி எழுதியவருக்குத் தந்தையார் பாடநெறியை முடித்ததாகச் சான்றிதழ் வந்துசேரும்! ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஓரெழுத்து மாறினும், அலுவலகங்களில் விளக்கக் கடிதம் எழுத நேரலாம். ஆதலின் தேசிய அடையாள அட்டையிலும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் உள்ளவாறே பெயரை முதலிற் பதிதல் நன்று. பின்னர்த் திருத்துவதற்கு அத்தாட்சி கேட்பர்.

நம்பகமான சான்றிதழ் பலவற்றில் ஓர் இணைய முகவரியோ குறியீட்டெண்ணோ இருக்கும். அதைக் கொண்டு எந்த அதிபரும் அலுவலரும், அப்பத்திரம் மெய்யானதா என்பதை உடனே பார்த்துக்கொள்ளலாம். அச்சிட்ட தாளை மட்டும் கோப்பிலே வைத்துவிட்டு அவ்வெண்ணை மறந்துவிடுவோர் பலர். பாடநெறியின் பெயர், மணித்தியால அளவு, எழுதிய ஒப்படைகள் ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்துப் பேணவேண்டும். தளங்கள் பழைய பாடநெறிகளை நீக்கிவிடுவதுமுண்டு.