காகிதம் சொல்லும் குறை

குறி தப்பினால் தப்பு கையிலா, வில்லிலா? அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய செய்தித்தாள் போதும் என்றால் நம்புவீர்களா?

ஆசிய விளையாட்டில் நம் வில்வித்தை வீராங்கனை ஜோதி சுரேகா தங்கம் வென்றாரே, அவர் கையில் இருந்தது காம்பவுண்டு வில். இரண்டு முனையிலும் சின்னச் சக்கரங்கள் சுழலும் வில் அது. இந்த வகை வில்லைச் சரிபார்க்க, ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, சில அடி தள்ளி நின்று அதற்குள் அம்பை விடுவார்கள். அம்பைத் தாங்கிக்கொள்ள, பின்னால் கெட்டியான இலக்கு ஒன்று இருக்கும். ஆனால் எல்லார் கண்ணும் காகிதத்தில் விழுந்த கிழிசல் மேல்தான்!

அம்பு நேராகப் பாய்ந்திருந்தால் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை, அதைச் சுற்றி இறகுகள் போட்ட மூன்று கீறல். மணலில் கோழி நடந்த தடம் மாதிரி, அவ்வளவு அழகாக இருக்கும். வால் பக்கம் தூக்கிக்கொண்டு போயிருந்தாலோ, கிழிசல் மேல்நோக்கி நீளும். அப்போது அம்பு உட்காரும் தாங்கியை ஒரு மயிரிழை உயர்த்திவிட்டு, புதுக் காகிதம் மாட்டி, மறுபடியும் எய்து பார்ப்பார்கள்.

சரி, கையின் தப்பு? வில்லை இறுக்கிப் பிடித்துத் திருகினால் கிழிசல் பக்கவாட்டில் போகும். ஆனால் தடவைக்குத் தடவை வேறு வேறு மாதிரி போகும். அதனால் நல்ல பயிற்சியாளர் ஒரே அம்பைப் பார்த்து முடிவு கட்டமாட்டார். மூன்று நான்கு தடவை ஒரே மாதிரி கிழிந்த பிறகுதான், வில்லின் திருகாணியில் கை வைப்பார்.